பெட்ரோல் என்ஜினா, மின்சார மோட்டாரா?



உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கிணற்றில் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்டுப் பாருங்கள். முதலில் மாடு பூட்டிய கவலை. அதற்குப் பிறகு, ‘டப், டப்’ என்று காடுமேடெல்லாம் எதிரொலிக்கும் ஆயில் என்ஜின். அதற்கும் பிறகு, ஒரு பொத்தானை அமுக்கியதும் தண்ணீரை மேலே தள்ளும் மின்சார மோட்டார். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அது முதல் மின் கம்பி எந்த ஊரை எட்டியதோ, அந்த ஊரின் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜினுக்கு வேலை குறையத் தொடங்கியது. கைப்பிடியைச் சுழற்றி மூச்சு வாங்க வேண்டாம். டீசலுக்கு டவுனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ரயிலிலும் இதே கதைதான். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னரே, 1895 முதல், சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. டிராம் 1953-இல் நின்றுவிட்டது; ஆனால் ரயில் தொடர்ந்தது. இன்று இந்தியாவின் அகல ரயில் பாதைகளில் ஏறக்குறைய அனைத்துக்கும் மேலே மின் கம்பி ஓடுகிறது.

ஆகவே எரிபொருள் என்ஜினுக்கும் மின்சார மோட்டாருக்கும் இடையே நடக்கும் போட்டி நேற்று இன்று தோன்றியதன்று. கம்பி எட்டிய இடங்களில் அது எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது கம்பி எட்டாத இடம். சாலையில் ஓடும் ஸ்கூட்டரும் காரும், கடலில் செல்லும் கப்பலும், வானில் பறக்கும் விமானமும் தமக்கு வேண்டிய ஆற்றலைத் தாமே சுமந்துகொண்டு போக வேண்டும். இந்தச் சுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், செய்தித்தாள்களில் நீங்கள் படிக்கும் வாதங்களில் எது சரி, எது வெறும் பேச்சு என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன ஆகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதை எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி. மின்வாரியக் கணக்கில் சொன்னால் 9 யூனிட். இது எவ்வளவு பெரிய ஆற்றல் என்று நமக்குச் சட்டென்று விளங்குவதில்லை. நான்கு டன் எடையுள்ள ஒரு யானையை 800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அப்படி ஒரு யானை பலம் இருக்கிறது!

ஆனால் காரின் சக்கரத்துக்கு வந்து சேருவது இதில் கால் பங்கு. நகர நெரிசலில் அதுவும் இல்லை. மீதி எங்கே போகிறது?

இக்கேள்விக்கு அடிப்படையான விடையை, பெட்ரோல் என்ஜின் பிறப்பதற்கு முன்னரே, சாடி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியாளர் 1824-இல் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது நீராவி என்ஜினை. வெப்பம் என்பது அருவி நீர் போல, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்யும் என்றார் அவர். திரும்பத் திரும்பச் சுழன்று வேலை செய்யும் எந்த வெப்ப இயந்திரமும், தான் வாங்கிய வெப்பத்தில் ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்தில் கொட்டியே தீரவேண்டும். இது கம்மியரின் கைக்குறை அன்று, இயற்கையின் விதி. எவ்வளவு நுட்பமாக என்ஜினைச் செய்தாலும் இந்த வரியைக் கட்டாமல் தப்ப முடியாது.

நிகோலாஸ் ஆட்டோ என்ற ஜெர்மானியர் 1876-இல் செய்து காட்டிய நான்கு வீச்சு என்ஜினின் வழியில்தான் இன்றைய பெட்ரோல் வண்டிகளும் ஓடுகின்றன. பிஸ்டன் கலவையை உள்ளே இழுக்கிறது, இறுக்குகிறது, தீப்பொறி பட்டு வெடிக்கிறது, புகை வெளியே தள்ளப்படுகிறது. கலவையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பயனுறுதிறன் கூடும். பத்தில் ஒரு பங்காக இறுக்கினால், உராய்வோ வெப்பக் கசிவோ இல்லாத கற்பனை என்ஜினிலும் நூற்றுக்கு 60 பங்குதான் வேலையாகக் கிடைக்கும். உண்மை என்ஜினில் உருளையின் சுவர் உருகாமலிருக்க அதைக் குளிர்விக்க வேண்டும். அங்கே ஒரு பங்கு போகிறது. சைலன்ஸர் வழியே சூடான புகையாக ஒரு பங்கு போகிறது. உராய்வு, கியர், சிவப்பு விளக்கில் நின்றபடி ஓடுவது எல்லாம் சேர்ந்து மிச்சத்தைக் கொறித்துவிடுகின்றன. சற்று நேரம் ஓடிய வண்டியின் சைலன்ஸரில் கால் பட்டவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தனியே நடத்த வேண்டியதில்லை.

“அப்படியானால் இன்னும் இறுக்கலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள், முயன்றார்கள். அதிகமாக இறுக்கினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்னரே மூலையிலுள்ள கலவை தானாகப் பற்றி வெடிக்கிறது. என்ஜின் ‘டக டக’ என்று தட்டுகிறது. இதைத் தடுக்க, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிது சேர்த்தால் போதும் என்று அமெரிக்கரான தாமஸ் மிட்க்லி 1921-இல் கண்டார். தட்டல் நின்றது. ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளியேறி, உலகத்தின் நகரங்களிலெல்லாம் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. ஈயம் நஞ்சு என்பது அன்றும் தெரிந்த செய்திதான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000-இல்தான் நின்றது. உலகிலேயே கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. பயனுறுதிறனைச் சில புள்ளிகள் உயர்த்த மனித குலம் கொடுத்த விலை இது.

டீசல் என்ஜின் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியது. அதில் வெறும் காற்று மட்டுமே இறுக்கப்படுகிறது. எரிபொருள் கடைசியில்தான் பீய்ச்சப்படுகிறது. ஆகவே மிக அதிகமாக இறுக்கலாம். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய என்ஜின் நூற்றுக்கு 26 பங்கு பயன் தந்து அக்கால நீராவி என்ஜின்களைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று பெரிய கப்பல்களில் உள்ள மாபெரும் டீசல் என்ஜின்கள் பாதிக்கு மேல் பயன் தருகின்றன. வெப்ப இயந்திரங்களுக்குள் இது பெரும் சாதனை.

மோட்டாருக்கு ஏன் இந்த வரி இல்லை?

மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தப் புலத்தில் வைத்தால் அதன்மேல் விசை தோன்றும் என்பதை ஃபிளெமிங்கின் இடக்கை விதியில் படித்திருப்பீர்கள். மோட்டார் என்பது அவ்வளவுதான். அதில் எதுவும் எரிவதில்லை; வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதில்லை. ஆகவே கார்னோ விதித்த வரி அதைத் தொடாது. செம்புக் கம்பி சற்றுச் சூடாவதும், இரும்பு உள்ளகத்தில் சிறிது வீணாவதும் போக, நூற்றுக்கு 90 பங்கும் அதற்கு மேலும் சுழற்சியாகக் கிடைத்துவிடும்.

இன்னும் இரண்டு நற்குணங்கள் அதற்கு உண்டு. பெட்ரோல் என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடாது, நின்றுவிடும். அதனால்தான் கிளட்ச், கியர் என்ற ஏற்பாடுகள். மோட்டாரோ அசையாமல் நிற்கும் நிலையிலேயே முழு திருப்பு விசையையும் தரவல்லது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று புறப்படும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மற்றொன்று, மோட்டாரைச் சக்கரம் சுழற்றினால் அதுவே டைனமோ ஆகிவிடும். பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை இவ்வாறு திரும்பப் பெறலாம். நின்று நின்று செல்லும் நகரப் பேருந்துக்கு இது சிறிய ஆதாயமன்று.

இவ்வளவு நல்ல மோட்டார் நூறு ஆண்டுகளாக ஏன் சாலைக்கு வரவில்லை? அது வந்தது. வந்து, தோற்றுப் போனது.

ஒரு பழைய தோல்வி

பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்ஸி என்பவர், 1899 ஏப்ரலில், பாரிஸ் அருகே ஒரு சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டினார். சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுவே முதன்முறை. குண்டு போன்ற வடிவமுள்ள அந்த வண்டி மின்சார வண்டி! மறு ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட சுமார் 4,200 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. அப்போது யாரேனும் பந்தயம் கட்டியிருந்தால் பெட்ரோலின்மேல் கட்டியிருக்க மாட்டார்கள்.

தோல்விக்குக் காரணம் மோட்டார் அன்று, சுமை. பிளாண்டே 1859-இல் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியே அன்று கைவசமிருந்தது. இன்றைய நல்ல ஈய பேட்டரியிலும் ஒரு கிலோவுக்கு 0.03 முதல் 0.04 யூனிட் வரைதான் அடங்கும். ஒரு கிலோ பெட்ரோலில் 12 யூனிட். என்ஜின் முக்கால் பங்கை வீணடித்தாலும் மூன்று யூனிட் கைக்கு வருகிறதே! பேட்டரியைச் சுமக்கவே பேட்டரி வேண்டியிருந்தது. ஃபோர்டு 1908-இல் மலிவான காரைக் கொண்டுவந்தார். பெட்ரோல் காருக்கிருந்த பெரிய தொல்லை, முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புவது. கை முறிந்தவர்களும் உண்டு. 1912-இல் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. எதனால் தெரியுமா? சார்லஸ் கெட்டரிங் அமைத்த ஒரு சிறிய மின்சார மோட்டாரால்! மின்சாரக் காரைச் சாலையிலிருந்து விரட்டியதில் மின்சார மோட்டாருக்கும் ஒரு பங்குண்டு.

இந்தச் சுமைக் கணக்கை மாற்றியது லித்தியம். ஏன் லித்தியம் என்பதற்கு அணு எடை அட்டவணையைப் பார்த்தாலே போதும். ஈயத்தின் அணு எடை 207. அது தருவது இரண்டு எலக்ட்ரான்கள். லித்தியத்தின் அணு எடை 7. அது தருவது ஒன்று. அதாவது ஏறத்தாழ 104 கிராம் ஈயம் செய்யும் வேலையை 7 கிராம் லித்தியம் செய்துவிடும். போதாததற்கு, ஈயக் கலத்தில் 2 வோல்ட் என்றால் லித்தியக் கலத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல். இந்த முரட்டு உலோகத்தை அடக்கி வேலை வாங்க இருபது ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவரின் ஆராய்ச்சியைத் தொடர்ந்து 1991-இல் லித்தியம்-அயனி பேட்டரி விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. (நம் நாட்டில் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது. அவ்வழியே சென்றால் பார்க்கத் தவறாதீர்கள்.)

இன்று ஒரு கிலோ லித்தியம் பேட்டரி சுமார் 0.2 யூனிட் ஏற்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது இன்னும் அறுபதில் ஒரு பங்கே. ஆனால் நகருக்குள் ஓடும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் அது போதுமானதாகிவிட்டது.

ஆற்றலை நிரப்பும் வேகத்திலும் பெட்ரோலுக்கு ஈடில்லை. பங்க்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் பாயும் குழாயைக் கையில் பிடித்திருப்பவர், நிமிடத்துக்கு 270 யூனிட்டைத் தொட்டிக்குள் அனுப்புகிறார். அதாவது 16 மெகாவாட்! உங்கள் வீட்டின் 15 ஆம்பியர் பிளக் தருவது மூன்றரை கிலோவாட்டுக்கும் குறைவு. மின் வண்டிக்காரர் இரவு முழுவதும் காத்திருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

புகை இடம் மாறுகிறதா?

இந்நேரம் உங்களில் ஒருவர் கையைத் தூக்கியிருப்பீர்கள். “மின்சாரம் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? அனல் மின் நிலையமும் வெப்ப இயந்திரம்தானே? அங்கே கார்னோவின் வரி உண்டல்லவா? புகை ஊருக்குள்ளிருந்து எண்ணூருக்குப் போகிறது, அவ்வளவுதானே?”

மிக நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு மின் வண்டியைப் புகழ்பவர்களும், இதை மட்டுமே சொல்லி இகழ்பவர்களும் கணக்குப் போடாதவர்களே. நாம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பெட்ரோல். 740 கிராம் பெட்ரோலில் சுமார் 630 கிராம் கார்பன். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. ஆகவே ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ! முக்கால் கிலோ பொருள் எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் புகையாகிறது என்று மலைக்க வேண்டாம். மீதி எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு 51 கிராம் வெளியிடுகிறது.

அடுத்து மின் ஸ்கூட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் பேட்டரியிலிருந்து அது எடுப்பது ஏறத்தாழ 30 வாட்-மணி. சார்ஜ் செய்வதிலும் மின் தடங்களிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால், மின் நிலையத்தில் 40 வாட்-மணி உற்பத்தியாக வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கொள்ளலாம். பெருக்கினால் கிலோமீட்டருக்கு 28 கிராம். இவ்வளவு நிலக்கரிக்குப் பிறகும் பாதிக்குச் சற்று மேல்தான்.

ஆனால் பேட்டரி செய்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. ஒரு கிலோவாட்-மணி கொள்ளளவுக்கு 80 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 240 கிலோ. இந்தக் கடனைக் கிலோமீட்டருக்கு 23 கிராம் வீதம் அடைக்க, வண்டி சுமார் 10,400 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாள்தோறும் 25 கிலோமீட்டர் ஓடினால் பதினான்கு மாதம் ஆகும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் ஆதாயம். வாங்கி வீட்டில் நிறுத்தி வைக்கப்படும் மின் வண்டியால் காற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை.

இந்த 28 என்ற எண் நிலையானதும் அன்று. மின்சாரத்தில் பெரும்பகுதியை நீர்வீழ்ச்சிகளிலிருந்து பெறும் நார்வேயில் அது பூஜ்யத்தை நெருங்கும். அங்கே 2024-இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். நம் ஊரிலும் நண்பகலில் சார்ஜ் செய்தால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடும்; ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் ஆடி மாதத்தில் காற்றாலையின் பங்கு கூடும். பெட்ரோல் ஸ்கூட்டரின் 51-ஐ இப்படிக் குறைக்க வழியில்லை. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. அதன் கார்பன் பயிர்கள் காற்றிலிருந்து எடுத்தது என்பது உண்மைதான். ஆனால் எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. கரும்புக்குத் தண்ணீரும் வேண்டும்.

எங்கே எது நிற்கும்?

தினமும் குறைந்த தூரம் ஓடி இரவில் ஓரிடத்தில் நிற்கும் வண்டிகளில் மோட்டார் வெல்லும் என்பது என் கணிப்பு. நம் நாட்டில் 2024-இல் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. இரு சக்கர வண்டிகளில் நூற்றுக்கு ஆறுதான். காரணம் எளிது. ஆட்டோ நாள் முழுதும் ஓடுகிறது. எரிபொருளில் மிச்சமாகும் காசு கூடுதல் விலையை விரைவில் ஈடுகட்டிவிடுகிறது.

விமானத்தின் கதையோ வேறு. 20 டன் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்படும் நடுத்தர விமானம் ஒன்றின் மொத்த எடையே சுமார் 80 டன். அந்த எரிபொருளிலுள்ள ஆற்றலை இன்றைய பேட்டரியில் அடைத்தால் 1,200 டன் ஆகும். மோட்டாரின் சிக்கனத்துக்காக மூன்றில் ஒரு பங்கு போதும் என்றாலும் 400 டன்! எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். பேட்டரியோ தீர்ந்த பிறகும் அதே எடையோடு தரையிறங்க வேண்டும். நெடுந்தூரக் கப்பல்களுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். அங்கெல்லாம் எரியும் என்ஜின் இன்னும் நெடுநாள் இருக்கும். அதில் எரியும் பொருள் மாறக்கூடும்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு மாதம் உங்கள் வீட்டு வண்டி ஓடிய தூரத்தையும் ஊற்றிய பெட்ரோலையும் குறித்து வையுங்கள். லிட்டரை 2,300-ஆல் பெருக்கிக் கிலோமீட்டரால் வகுத்தால் கிராம் கணக்கு வரும். இருவர் சென்றிருந்தால் இரண்டால் வகுக்கலாம். வண்டி இல்லாதவர்கள் நகரப் பேருந்துக்குப் போடுங்கள். டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு. பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளே 50 பேர். விடை, ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 11 கிராம். ஒருவர் மட்டும் போகும் மின் ஸ்கூட்டரின் 28-க்கு அருகில் இதை எழுதி வைத்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.